மூன்றாம் மாடியில் மிருதங்கம்: சுவரெல்லாம் ஃபோம் ஒட்டியும் சத்தம் கீழே போகிறது. என்ன செய்யலாம்?

#1 மேடவாக்கம் அப்பா

வணக்கம். சென்னை மேடவாக்கத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் மூன்றாம் மாடி, சொந்த வீடு. பையனுக்குப் பதினொரு வயது. மூன்று வருடமாக மிருதங்கம் கற்றுக்கொள்கிறான். தினமும் மாலை ஆறரையிலிருந்து எட்டு மணி வரை சாதகம்.

கீழ்வீட்டில் ஒரு அம்மா இருக்கிறார். எழுபது வயதைத் தாண்டியவர். இருதய அறுவை சிகிச்சை முடிந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அவர் சண்டைக்கு வரவில்லை. போன மாதம் லிஃப்டில் பார்த்தபோது, "தம்பி நல்லா வாசிக்கிறான்பா. ஆனா அந்தக் கும் கும்னு வர்றது மட்டும் நெஞ்சுக்குள்ள இடிக்குது" என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

உடனே ஒரு கடையில் விசாரித்தேன். "சவுண்ட் ப்ரூஃப் ஃபோம்" என்று ஒரு அங்குலக் கனத்தில், கூம்பு கூம்பாக இருக்கும் கறுப்புப் பலகைகளைக் கொடுத்தார்கள். எண்பது சதவீதம் சத்தம் நின்றுவிடும் என்றார்கள். நான்கு சுவரிலும் ஒட்ட, கூலியோடு 34,000 ரூபாய் ஆனது. ஒட்டிய அன்று அறைக்குள் பேசிப் பார்த்தேன். குரல் பஞ்சுக்குள் போனது போல அடங்கிவிட்டது. சரி, வேலை முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் பையனை வாசிக்கச் சொல்லிவிட்டுக் கீழே போய் அந்த அம்மா வீட்டு ஹாலில் உட்கார்ந்து கேட்டேன். கொஞ்சமும் மாறவில்லை. வெளி வராந்தாவிலும் அப்படித்தான்.

அறை பத்துக்குப் பதினொன்று. சுவர் நாலரை அங்குலச் செங்கல், இரு பக்கமும் பூச்சு. சாதாரண ஃப்ளஷ் டோர், ஸ்லைடிங் ஜன்னல். வகுப்பை நிறுத்த மனமில்லை. அந்த அம்மாவைக் கஷ்டப்படுத்தவும் மனமில்லை. தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

#2 புதுக்குடி

முட்டை அட்டை ஒட்டிப் பார்த்தீர்களா? கல்லூரி நாட்களில் நண்பனின் பாட்டு ரூமில் அதைத்தான் ஒட்டியிருந்தோம். கனமான திரைச்சீலையும் போடுங்கள்.

#3 சலனம்

பதினாலு வருடமாகக் கட்டட ஒலியியல் வேலையில் இருக்கிறேன். இந்த 34,000 ரூபாய்க் கதையை மாதம் ஒருவராவது வந்து சொல்கிறார்கள். ஒவ்வொரு முறையும் வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் கடைக்குப் போவதற்கு முன் பத்து நிமிடம் பேசியிருந்தால் அந்தப் பணம் மிச்சமாகியிருக்கும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சத்தத்தை உறிஞ்சுவது வேறு, சத்தத்தைத் தடுப்பது வேறு. உங்கள் ஃபோம் செய்தது முதல் வேலை. அறைக்குள் சுவருக்குச் சுவர் மோதித் திரும்பும் ஒலியைக் குடித்தது. அதனால்தான் உங்கள் குரல் அடங்கிக் கேட்டது. உங்களுக்கு வேண்டியதோ இரண்டாவது வேலை.

இந்த உறிஞ்சும் வேலைக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் வாலஸ் சபைன். 1895இல் ஹார்வர்டில் புதிதாகக் கட்டிய ஃபாக் விரிவுரை அரங்கில் பேசுவது யாருக்கும் புரியவில்லை. ஒரு சொல் முடிந்த பிறகும் ஐந்து வினாடிக்கு மேல் எதிரொலி நின்றது. அவர் பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து, ஊர் அடங்கிய பின் ராத்திரியில் ஒன்றொன்றாக அடுக்கி, ஓர் ஆர்கன் குழாயை ஒலித்து நிறுத்தி, சத்தம் அடங்க எத்தனை வினாடி ஆகிறது என்று கடிகாரத்தை வைத்துக் கணக்கெடுத்தார். மெத்தை கூடக் கூட எதிரொலி குறைந்தது. ஆனால் அவர் தீர்த்தது உள்ளே இருப்பவர்களின் பிரச்சினையை. பக்கத்து அறைக்காரருக்காக அவர் அந்த மெத்தைகளை அடுக்கவில்லை.

தடுப்பதற்கு எடை வேண்டும். உங்கள் நாலரை அங்குலச் சுவர் பூச்சோடு சேர்த்து ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 260 கிலோ. அந்த ஃபோம் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கிலோகூடத் தேறாது. சுவரின் எடையை இரட்டிப்பாக்கினால் அதிகபட்சம் 6 டெசிபல்தான் கூடுதலாகத் தடுக்கும் என்பது பொது விதி. 260 கிலோவோடு ஒரு கிலோவைச் சேர்த்தால் என்ன கிடைக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். முட்டை அட்டை இதைவிட லேசு. புதுக்குடி தவறாக நினைக்க வேண்டாம், எல்லோரும் சொல்லிக் கேட்டதுதான் அது. ஆனால் அது வேலை செய்யாது.

இன்னொன்று. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம், அதாவது இடப் பக்கம், எழுப்பும் கும்கி தாழ்ந்த சுருதி. நூறு ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டால் அதன் அலைநீளம் சுமார் 3.4 மீட்டர். அவ்வளவு பெரிய அலைக்கு ஒரு அங்குல ஃபோம் இருப்பதே தெரியாது. வலப் பக்கமான வலந்தலையின் "நம்", "தீம்" கொஞ்சம் அடங்கும். தொப்பி அடங்காது. அந்த அம்மா சொன்ன "கும் கும்" தொப்பிதான்.

அடுத்தது, மிக முக்கியமானது: கீழ்வீட்டுக்குச் சத்தம் காற்று வழியாகப் போகிறதா, தரை வழியாகப் போகிறதா? பையன் மிருதங்கத்தை எதன்மேல் வைத்து வாசிக்கிறான்?

#4 மேடவாக்கம் அப்பா

நன்றி சார். படித்ததும் வயிறு கொஞ்சம் எரிந்தது, ஆனால் புரிந்தது.

இன்று உட்கார்ந்து கவனித்தேன். அவனுக்கு இன்னும் கால் நீளம் பத்தவில்லை. அதனால் தொப்பிப் பக்கம் வெறும் டைல்ஸ் தரையில் உட்காருகிறது. கீழே ஒரு துண்டை மடித்துப் போட்டிருக்கிறான், அவ்வளவுதான். நான் பக்கத்தில் தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு அடிக்கும் விரல் நுனியில் அதிர்வு தெரிகிறது.

#5 சலனம்

அந்த உள்ளங்கை சொன்னதுதான் விடை. மூன்றாம் மாடியில் ஒருவர் ஆணி அடித்தால் கீழே ஏழு வீட்டுக்காரர்களும் "எந்த வீட்டில் அடிக்கிறார்கள்" என்று தெரியாமல் முழிப்பார்கள் அல்லவா? காங்கிரீட் தளமும் தூணும் உத்தரமும் ஒரே உடம்பு. ஒரு இடத்தில் தட்டினால் முழுக்க ஓடும். அஞ்சு அங்குலத் தளம் காற்றில் வரும் பேச்சை நன்றாகவே தடுக்கும், ஏனென்றால் சதுர மீட்டருக்கு 300 கிலோ எடை இருக்கிறது. ஆனால் அதையே நேராகத் தட்டினால் அந்த எடை உதவாது. கிரைண்டர், நாற்காலி இழுப்பது, குழந்தை குதிப்பது எல்லாம் இந்த வகை. சுவரில் எதை ஒட்டினாலும் இது நிற்காது. தட்டும் பொருளுக்கும் தளத்துக்கும் நடுவே உறவை அறுக்க வேண்டும்.

#6 தச்சுவேலை மதுரை

நான் படித்தவன் இல்லை, முப்பது வருடம் கதவு ஜன்னல் வேலை. சார் தரையைப் பற்றிச் சொன்னது சரி. வராந்தாவில் கேட்பதற்குக் கதவைப் பாருங்கள்.

ராத்திரி அறைக்குள் விளக்கைப் போட்டுக் கதவைச் சாத்தி, வெளியே இருட்டில் நின்று பாருங்கள். வெளிச்சம் கசியும் இடமெல்லாம் சத்தம் கசியும் இடம். அப்புறம் ஒரு நாளிதழ்த் தாளைக் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் வைத்துச் சாத்தி இழுங்கள். தடையில்லாமல் வந்தால் அங்கே கதவு நிலையைத் தொடவில்லை என்று அர்த்தம்.

பழைய வீடுகளில் கீழே நிலைப்படி இருக்கும், மரக்கட்டை. மிதிக்காதே, தாண்டிப் போ என்று பாட்டி அதட்டுவார்கள். கதவு அந்தப் படியில் மோதி நிற்கும், அடியில் இடைவெளியே கிடையாது. இப்போது கால் தட்டுகிறது என்று எல்லோரும் படியை எடுத்துவிட்டார்கள். கதவுக்கடியில் விரல் போகிற சந்து. அந்தச் சந்தை விட்டுவிட்டுச் சுவருக்கு லட்சம் செலவழித்தாலும் வீண்.

#7 சலனம்

மதுரை அண்ணன் சொன்னதற்கு ஒரு கணக்கு மட்டும் சேர்க்கிறேன். கதவு 2.1 மீட்டருக்கு 0.9 மீட்டர். அடியில் ஒரு சென்டிமீட்டர் சந்து. கதவுப் பரப்பில் அது அரை சதவீதம்தான். ஆனால் அந்த அரை சதவீதம் திறந்திருந்தால், கதவை இரும்பில் செய்து மாட்டினாலும் மொத்தத்தில் 23 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது. பக்கத்தில் உள்ள செங்கல் சுவர் 45 டெசிபல் அளவில் தடுக்கிறது. தண்ணீர்த் தொட்டியில் ஓட்டை இருக்கும்போது சுவரைக் கனமாக்குவது மாதிரி.

கதவு உள்ளே கூடாக இருக்கிறதா என்று விரலால் தட்டிப் பாருங்கள். உள்ளே பொள்ளென்று ஒலித்தால் முழுக்கட்டை ஃப்ளஷ் டோர் மாற்றலாம். ஆனால் முதலில் சந்தை அடையுங்கள்.

#8 வழக்கு விவரம்

எல்லோரும் செலவைப் பற்றியே பேசுகிறீர்கள். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. காலை 6 மணி முதல் இரவு 10 வரை பகல்தான். ஆறரையிலிருந்து எட்டு என்றால் குழந்தை தாராளமாக வாசிக்கலாம். ஒரு கலையைக் கற்பதற்குப் பயந்து பயந்து வாழ வேண்டியதில்லை.

#9 இரவுப்பணி

நான் செவிலியர். மாதத்தில் பாதி நாள் இரவுப்பணி. காலை எட்டு மணிக்கு வந்து படுத்தால் மேல்வீட்டில் பத்து மணிக்கு மிக்ஸி, பதினொரு மணிக்குக் கட்டில் இழுக்கும் சத்தம். சட்டப்படி அது பகல். என் உடம்புக்கு அது நடுராத்திரி. அண்ணா சொல்லும் விதி உண்மைதான், ஆனால் விதிக்குள் இருக்கும் சத்தமும் நோயாளியைத் தூங்கவிடாது. இருதய அறுவை சிகிச்சைக்குப் பிறகு முதல் சில மாதம் தூக்கம் ரொம்ப முக்கியம். மார்பெலும்பை அறுத்துச் சேர்த்திருப்பார்கள், சின்ன அதிர்வுகூட அவர்களைப் பயமுறுத்தும்.

மேடவாக்கம் அண்ணா, நீங்கள் கீழே போய் உட்கார்ந்து கேட்டீர்களே, அதற்கே நன்றி. என் மேல்வீட்டுக்காரர் ஒருமுறை வந்து கேட்டிருந்தால் போதும் என்று நான் எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். இப்போதைக்கு அந்த அம்மா எப்போது தூங்குகிறார் என்று கேட்டு நேரத்தை மாற்றிக்கொள்ள முடியுமா? இது காசில்லாத வைத்தியம்.

#10 வழக்கு விவரம்

அக்கா சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். நான் உரிமையை மட்டும் யோசித்தேன்.

#11 தீத்தடுப்பு ஓய்வு

சத்தத்தை விட்டு ஒரு நிமிடம் வேறு விஷயம். தீயணைப்புப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். குழந்தை தினமும் ஒன்றரை மணி நேரம், கதவைச் சாத்திக்கொண்டு, நான்கு சுவரிலும் பாலியூரிதேன் ஃபோம் ஒட்டிய அறையில் இருக்கிறான் என்று படித்ததும் மனம் பதறியது.

2003 பிப்ரவரியில் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஸ்டேஷன் என்ற இரவு விடுதி எரிந்து 100 பேர் இறந்தார்கள். 2013 ஜனவரியில் பிரேசிலின் சாண்டா மரியா நகரில் கிஸ் விடுதி எரிந்து 242 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் மாணவர்கள். இரண்டிலும் மேடையில் கொளுத்திய வாணவேடிக்கைப் பொறி, சத்தத்துக்காக ஒட்டியிருந்த ஃபோமில் பிடித்தது. அது எரியும்போது வரும் புகையில் சயனைடு நச்சு உண்டு. தீ நெருங்குவதற்கு முன்பே புகை ஆளைச் சாய்த்துவிடும். உங்கள் வீட்டில் வாணவேடிக்கை இல்லை, ஆனால் சுவிட்ச் போர்டு இருக்கிறது, ஏசி பிளக் இருக்கிறது, கார்த்திகைக்கு அகல் விளக்கு ஏற்றுவீர்கள்.

உறிஞ்சும் பொருள் வேண்டுமென்றால் ராக்வூல் போடுங்கள். அது உருக்கிய பாறையிலிருந்து நூற்ற இழை, எரியாது. ஜிப்சம் பலகைக்குள்ளும் நீர் பிணைந்திருக்கிறது, தீயில் அந்த நீர் ஆவியாகும் வரை சூட்டை உள்ளே விடாது. ஃபோமை தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

#12 பழவந்தாங்கல் தண்டவாளம்

மிருதங்கம் இல்லை, எனக்கு மின்சார ரயில். வீட்டுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு தெருதான். ஜன்னல் கதையைச் சொல்கிறேன், ஏனென்றால் மேடவாக்கம் நண்பருக்கும் ஸ்லைடிங் ஜன்னல் இருக்கிறது.

ஸ்லைடிங் ஜன்னல் சத்தத்துக்கு ஆகாது. இரண்டு கண்ணாடியும் ஒன்றையொன்று கடந்து போக வேண்டும் என்பதால் நடுவில் இடைவெளி இருந்தே தீரும். அதை ஒரு பிரஷ் முடி மட்டும்தான் மறைக்கிறது. ஊதுபத்தியை ஏற்றி அந்த விளிம்பில் பிடித்துப் பாருங்கள். வெளியே காற்றடிக்கும்போது சாத்திய ஜன்னலிலும் புகை வளைந்து உள்ளே வரும். நான் இரண்டு படுக்கையறையிலும் அதை எடுத்துவிட்டு, கைப்பிடியைத் திருப்பினால் சட்டம் ரப்பரோடு அழுந்தி மூடும் கேஸ்மென்ட் வகை போட்டேன், நடுவில் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடியோடு. ரயில் போவது தெரிகிறது, ஆனால் தூக்கத்தைக் கலைப்பதில்லை.

ஒரு விலை உண்டு. ஜன்னலைத் திறந்தால் எல்லாம் போச்சு. சாத்தினால் சென்னை வெயிலில் ஏசி வேண்டும், ஏசியோ வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது. அதனால் காலையில் ஒரு மணி நேரம் எல்லாவற்றையும் திறந்து வைக்கிறோம். கரண்ட் பில் கூடிவிட்டது. மாமியார் முதலில் திட்டினார், இப்போது அந்த அறையைத்தான் கேட்கிறார்.

#13 சலனம்

மேடவாக்கம் நண்பருக்கு வேலைப் பட்டியல் இல்லாமல் ஒரே ஒரு மணை. பையன் உட்காரும் மணை. இதைக் கவனமாகச் செய்தால் கீழ்வீட்டுக்கு வேறெதுவும் தேவைப்படாமல் போகலாம்.

நாலுக்கு நாலு அடியில் 19 மி.மீ. ப்ளைவுட் இரண்டு வெட்டுங்கள். ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பசை தடவித் திருகுங்கள். எடை கூடுவதற்காகத்தான் இரண்டு. கீழே மெத்தைக் கடைகளில் கிடைக்கும் ரீபாண்டட் ஃபோம், இரண்டு அங்குலம், கெட்டியானது. (தீத்தடுப்பு ஐயா மன்னிக்க வேண்டும். இதை ரப்பர் பட்டைகளாலும் செய்யலாம், ஐயாவுக்காக அதையே பரிந்துரைக்கிறேன்: வெட்டிய ரப்பர் பட்டைகள், நாலு மூலையிலும் நடுவிலும்.) ரப்பர் கல்லு மாதிரி இருந்தால் பயனில்லை. பையனும் மிருதங்கமும் ஏறியதும் இரண்டு மூன்று மில்லிமீட்டராவது அமுங்க வேண்டும். முழுக்க நசுங்கிப்போனாலும் பயனில்லை. மணை சுவரைத் தொடக்கூடாது, சுவருக்கும் அதற்கும் நாலு விரல் இடைவெளி விடுங்கள். மேலே ஜமக்காளம் விரியுங்கள். பையன், மிருதங்கம், சுருதிப்பெட்டி எல்லாம் மணைக்கு மேலே. ஒரு கால் தரையில் இருந்தாலும் அந்தக் கால் வழியாக அதிர்வு இறங்கும்.

இதைச் செய்துவிட்டு அளந்து பாருங்கள். அப்புறம்தான் சுவர். சுவருக்குச் செய்வதானால், இருக்கிற சுவரைத் தொடாமல் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) சட்டம் நிறுத்தி, உள்ளே 50 மி.மீ. ராக்வூல், மேலே 12.5 மி.மீ. ஜிப்சம் இரண்டு அடுக்கு. அந்தச் சட்டத்தை ஆள்கள் வழக்கப்படி சுவரில் திருகிவிடுவார்கள். திருகிய இடமெல்லாம் அதிர்வுக்குப் பாலம். பக்கத்தில் நின்று பாருங்கள்.

#14 புது மனை

இடையில் ஒரு கேள்வி. திருப்பூரில் வீடு கட்டப்போகிறோம். ஏஏசி பிளாக் (காற்றுத் துளைகள் நிறைந்த லேசான கான்கிரீட் கல்) சத்தத்தை நன்றாகத் தடுக்கும் என்று கட்டுபவர் சொல்கிறார். உண்மையா?

#15 சலனம்

வெப்பத்துக்கு நல்லது. சத்தத்துக்கு, அதே கனத்தில் செங்கல்தான் மேல். ஏஏசியின் அடர்த்தி கன மீட்டருக்கு 550 முதல் 650 கிலோ, செங்கல் சுமார் 1,900. நான்கு அங்குல ஏஏசி தடுப்புச் சுவர், பூச்சோடு சேர்த்தும் நாலரை அங்குலச் செங்கலின் பாதி எடைகூட வராது. வெளிச்சுவருக்கு எட்டு அங்குல ஏஏசி போடுங்கள். படுக்கையறைக்கும் ஹாலுக்கும் நடுவில் செங்கல் வையுங்கள். இரண்டு அறையின் சுவிட்ச் பாக்ஸும் முதுகோடு முதுகாக ஒரே இடத்தில் வராமல் எலக்ட்ரீஷியனிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். பின்னால் இதைச் சரிசெய்ய முடியாது.

#16 மேடவாக்கம் அப்பா

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.

முதலில் ஃபோமை உரித்தோம். சுண்ணாம்போடு சேர்ந்து வந்தது. அந்த ஒரு வேலையில் இரண்டு ஞாயிறு போனது.

மணை செய்தோம். ரப்பர் பட்டைகளுக்கு வில்லிவாக்கம் வரை அலைந்தேன். முதல் முறை வாங்கியது கல்லாக இருந்தது, ஏறி நின்றாலும் அமுங்கவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டு மென்மையானது வாங்கினேன். ப்ளைவுட், ரப்பர், கூலி எல்லாம் 6,100 ரூபாய். பையனுக்கு அது பிடித்துவிட்டது, கச்சேரி மேடை மாதிரி இருக்கிறதாம். அவன் குரு வந்து உட்கார்ந்து பார்த்தார். முதலில் தரை அசைகிறது என்று சங்கடப்பட்டார். அரை மணி நேரத்தில் பழகிவிட்டது என்றார்.

கதவுக்கு மதுரை அண்ணன் சொன்னபடி மரப்படி வைத்தோம். முக்கால் அங்குலம்தான், ஆனால் கதவு அதில் ரப்பரோடு வந்து உட்காருகிறது. சுற்றிலும் பீடிங். நாளிதழ்த் தாள் இப்போது கிழிகிறதே தவிர வரவில்லை. வராந்தாவில் நின்றால் மிருதங்கம் எங்கோ தூரத்தில் கேட்பது போல இருக்கிறது.

சரி, கீழ்வீடு. ஒரே போன், ஒரே ஆப், அந்த அம்மா வீட்டு ஹாலில் அதே நாற்காலி, மின்விசிறியை நிறுத்திவிட்டு அளந்தேன். முன்பு பலமான தொப்பி அடிக்கு 52 காட்டியது. இப்போது 41, 42. போன் ஆப்பை முழுக்க நம்பக்கூடாது என்று தெரியும், ஆனால் முன்னும் பின்னும் ஒப்பிடப் போதும் என்று நினைக்கிறேன். அந்த அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "இப்ப வாசிக்கிறானா?" என்று கேட்டார். வாசித்துக்கொண்டுதான் இருந்தான்.

இரவுப்பணி அக்கா சொன்னபடி நேரத்தையும் கேட்டேன். அவர் மாலை ஆறு முதல் ஏழு வரை படுப்பாராம். எனக்கு இத்தனை நாள் இது தெரியவே இல்லை. சாதகத்தை ஏழே காலுக்கு மாற்றிவிட்டோம்.

#17 இரவுப்பணி

படித்துவிட்டுக் கண் கலங்கிவிட்டது அண்ணா. என் மேல்வீட்டுக்காரருக்கு இந்த இழையை அனுப்பியிருக்கிறேன். கட்டில் காலுக்கு ரப்பர் குப்பி நானே வாங்கித் தருகிறேன் என்று சேர்த்து எழுதினேன். பதில் வரவில்லை, ஆனால் படித்திருக்கிறார்.

#18 சலனம்

10 டெசிபல் குறைந்தால் காதுக்குச் சத்தம் பாதியானது போல இருக்கும். 6,100 ரூபாய்க்கு இது பெரிய பலன். சுவருக்கு இப்போது எதுவும் செய்ய வேண்டாம். ஆனால் வெறும் சுவரில் அறை இரைச்சலாக இருக்கும், அது பையன் காதுக்கு நல்லதல்ல. துணி சுற்றிய ராக்வூல் பலகை நாலைந்து, அவன் உட்காரும் பக்கத்துச் சுவரில் மாட்டுங்கள். வெட்டும்போது கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள், இழை தோலில் பட்டால் அரிக்கும்.

#19 மேடவாக்கம் அப்பா

செய்கிறேன் சார். கடைசியாக ஒன்று. ஏசி குழாய் போகும் துளையில் வெளிச்சம் தெரிகிறது. ஏசி பொருத்திய ஆள் வைத்த ஃபோமை எடுத்துவிட்டேன். அங்கே புட்டி அடைக்கலாமா?

#20 தச்சுவேலை மதுரை

புட்டி வேண்டாம் தம்பி. காய்ந்ததும் குழாய் அதிர்வில் வெடித்து மறுபடியும் சந்து விழும். குழாயைச் சுற்றி ராக்வூல் துண்டைத் திணித்து, இரண்டு பக்கமும் காயாமல் ரப்பர் மாதிரி நிற்கும் சீலன்ட் போடுங்கள். ஏசித் தண்ணீர் வடியும் குழாய்க்கு வெளிப்பக்கம் சரிவு இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு அடையுங்கள்.